ஆளுக்கொரு பிடி பஞ்சு

எங்கள் வீட்டு முன்கொட்டகை கார் நிறுத்தத்தான் கட்டியது. ஆனால் கார் வெளியே மழையில் நனைகிறது, உள்ளே நொச்சி இலை சொகுசாகக் காய்கிறது. நொச்சிக்கு நேர் வெயில் ஆகாதாம், வாசம் செத்துவிடுமாம். காருக்கு மட்டும் எல்லாம் ஆகும் போலிருக்கிறது. இதை மங்களத்திடம் கேட்டால், "காரு ஒங்களத் தூங்க வைக்குமா?" என்று திருப்பிக் கேட்பாள். நான் நனைந்த காரைத் துடைக்கப் போய்விடுவேன்.

மங்களம் என் மனைவி. ஈப்போ புந்தோங்கில் தலையணைக்கார அக்கா என்று கேட்டால் நேராக எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று முதுகு போன பிறகு இந்த வேலையில் உட்கார்ந்தாள். முதலில் தன் மண்டைக் குத்தலுக்காக நொச்சி வைத்து ஒன்று தைத்தாள். அதைப் பக்கத்து வீட்டில் ஒருத்தி கேட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். இப்போது தூக்கம் வராதவர்கள், கெட்ட கனவு கண்டு அலறுகிறவர்கள், இரவு வேலை முடிந்து பகலில் படுக்கிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

நொச்சி பறித்து வருவது என் வேலை. காய்கறி லோரி ஓட்டுகிறவன் நான். சுங்கை சிப்புட் பக்கம் போகும்போது பழைய ரப்பர் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்புவேன். பால்மரம் எல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. முனியாண்டி சாமி இருக்கிற இடத்தில் மட்டும் நொச்சிவேலி தழைத்துக் கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு இலவமரம் இருந்தது. எங்கள் வாயில் அது கெக்காபு மரம். பாதை போடுகிறோம் என்று அதைச் சாய்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து மங்களத்துக்கு நல்ல பஞ்சு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

இலையை நிழலில் காயவைத்து, தூளாக்காமல் கையால் நொறுக்குவாள். கொஞ்சம் வெட்டிவேர், எலுமிச்சை மணக்கிற செராய்ப் புல் கொஞ்சம் காயவைத்துச் சேர்ப்பாள். எல்லாவற்றையும் மெல்லிய துணிப் பையில் கட்டி நடுவில் வைத்து, சுற்றிலும் கொட்டை நீக்கிய கெக்காபை அடைப்பாள். பஞ்சு அடைக்கிற நாளில் வீடு முழுக்கப் பறக்கும். சோற்றில் பஞ்சு, தேத்தண்ணியில் பஞ்சு, என் மீசையில் பஞ்சு. ஆனாலும் அந்தத் தலையணையில் தலை வைத்தால் விடிவது தெரியாது. அதை நான் மறுக்க முடியாது.

அடுத்த வீட்டுக் கலாதேவி வந்தது ஒரு மத்தியான வேளை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. நான் கொட்டகையிலிருந்து இலைப்பாயை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் வாசலை மிதித்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவன் அர்ச்சுனன் இறந்து நாள் கடந்து, வருஷ திதி நெருங்கிவிட்டது. இடது மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள்.

"என்ன தங்கச்சி, கையில?"

"எண்ணெ பட்டிருச்சு அண்ணே. முறுக்குப் போடும்போது கண்ணு சொருகிருச்சு."

மங்களம் பதறி எழுந்தாள். "அடி, சட்டிக்குள்ள விழுந்திருந்தா? தூங்குறியா இல்லையா நீ?"

"தூக்கம் எங்கக்கா வருது. அதுக்குத்தான் வந்தேன். எனக்கு ஒரு தலையணை வேணும்."

மங்களம் என்னைப் பார்த்தாள். கலாதேவிக்கு ஏற்கெனவே ஒரு தலையணை தைத்துக் கொடுத்தவள் அவள். அது எங்கள் அலமாரி மேல் இருக்கிறது.

"நொச்சி போட்டுத் தாரேன். நாளைக்கே தாரேன்" என்றாள் மங்களம்.

"நொச்சி வேணாம்க்கா. தூங்குறதுக்கு இல்ல. அவரு வரணும்."

"கனவுல ஆ?"

"ஆமா. எல்லாருக்கும் வாராரு. எனக்கு மட்டும் ஒரு வாட்டி கூட வரல. திதிக்குள்ள ஒரே ஒரு வாட்டி வந்தாப் போதும். அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்னடி கேக்கணும்?"

"அன்னிக்கி ராத்திரி என்னயக் கூப்டாரான்னு கேக்கணும்."

மழை பிடித்துக்கொண்டது. நான் மீதி இலைப்பாயையும் உள்ளே இழுத்துப் போட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அர்ச்சுனன் முறுக்கும் கடலையும் விற்கிற கச்சாங் பூத்தே வியாபாரி. புந்தோங்கில் வீட்டுக்கு வீடு அந்த வியாபாரம்தான் என்றாலும் அவன் ஓம முறுக்குக்குத் தனி ஆள் உண்டு. மாலையானால் மோட்டாரில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பசார் மாலம் இரவுச் சந்தைக்குப் போவான். அவன் நம் பக்கத்தில் வந்து நின்றாலே ஓமம் மணக்கும். நல்ல மனுஷன். ஒரே குறை, குறட்டை. சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கிற எனக்கே கேட்கும். என் குறட்டை அவனுக்குக் கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற பெண்ணுக்கு ராத்திரியும் அந்த இரைச்சல் என்றால் எப்படித் தாங்கும்? மங்களத்திடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். மங்களம் நொச்சியை இரட்டிப்பாகப் போட்டு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். கலாதேவி அதை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தாள். கல்யாணமாகி அவள் தனியாகப் படுத்த முதல் இரவு அது. அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். காலையில் உள் அறைக் கதவு திறக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

கருமாதி முடிந்ததும் அந்தத் தலையணையை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாள் கலாதேவி. மங்களம் அதை விற்கவுமில்லை, பிரிக்கவுமில்லை. அலமாரி மேல் ஏற்றி வைத்தாள். அன்றிலிருந்து யாருக்குத் தைத்தாலும் நொச்சி அள்ளும்போது அவள் கை தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் செத்தவர்கள் கனவில் வந்து ஏதாவது கேட்பார்கள். கேட்டதைப் படையலில் வைக்க வேண்டும். அர்ச்சுனன் விஷயத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே நடந்தது. தெலுக் இந்தானில் இருக்கிற அவன் அக்கா ராக்காயியிடம் வந்து ஆட்டுக்கறிப் பிரட்டல் கேட்டான். எதிர்வீட்டு லியோனார்ட், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவன். அவனிடமே வந்து ஸ்டவுட் பீர் கேட்டானாம். "மச்சான், நான் கத்தோலிக்கன் லா, என்கிட்ட வந்து கேக்குறான் பாரு" என்று என்னிடம் புலம்பினான். தெரு முனையில் நாசி லெமாக் சோறு விற்கிற புஷ்பலதாவிடம், சம்பலில் இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்று குற்றம் சொல்லிவிட்டுப் போனானாம். எனக்கும் வந்தான். லோரியின் பின்கதவைத் திறந்து போட்டு அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

வரவேண்டிய இடத்துக்குத்தான் வரவில்லை. ராக்காயி சும்மா இருப்பாளா? தொலைபேசியில் கலாதேவியிடம் நறுக்கென்று சொல்லிவிட்டாள். "எல்லாருக்கும் வாரவன் உனக்கு வரலன்னா, அவன் மனசுல என்ன கோவம் இருக்கோ, எனக்கென்ன தெரியும்?" அந்த வார்த்தைதான் அவளைத் தின்றது. தூங்கினால்தான் கனவு. தூங்கினால் அவன் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று.

மழை விட்டு அவள் போன பிறகு மங்களம் என்னிடம் சண்டைக்கு வந்தாள், நான்தான் அவளை அனுப்பிவைத்தது போல.

"கனவு வராம இருக்கத்தானே எங்கிட்ட வாங்குறாங்க. கனவு வார தலையணைக்கு நான் எங்க போவேன்?"

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே."

"எந்த வாயால சொல்றது? ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கோயில் வாசல் பூக்கடையில் மீந்த மல்லிகையை வாங்கி வந்து உலர்த்தினாள். அஞ்சடிக் கடையிலிருந்து ஓமம் வாங்கி வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டினாள். வீடே அர்ச்சுனன் வந்து நிற்கிறது போல மணத்தது. நான் வெளியே போய் ஒரு ரோக்கோ பற்ற வைத்து இழுத்துவிட்டு வந்தேன். நொச்சி ஒரு இலை சேர்க்காமல், ஓமமும் மல்லிகையும் மட்டும் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கடையில் வாங்கிய பஞ்சு, கட்டி கட்டியாக இருந்தது. அதைப் பிய்த்துப் பிய்த்து அவள் விரல் நுனி சிவந்துவிட்டது.

கலாதேவி சில நாள் கழித்து வந்தாள். கண் இன்னும் உள்ளே போயிருந்தது.

"வாசம் வருதுக்கா. அவரு வரல."

"கொஞ்ச நேரமாவது தூங்குனியா?"

"தூங்குறேன், முழிக்கிறேன். வாசம் பட்டதும் வந்துட்டாருன்னு கண்ணத் தொறந்துடுறேன். கண்ணத் தொறந்தா எப்படிக்கா வருவாரு?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். திதிக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

மறுநாள் தெலுக் இந்தானுக்குக் காய்கறி இறக்கப் போனவன், ராக்காயியையும் அவள் விடாமல் தூக்கி வந்த தலையணையையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழிநெடுக அவள் வாய் ஓயவில்லை. இறங்கியதும் நேராகக் கலாதேவி வீட்டுக்குப் போகாமல் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி போடு மங்களம், வெயில் கொல்லுது" என்றாள். மங்களம் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள். ராக்காயி தானும் ஒரு கொத்தை எடுத்து விரலால் நெருடினாள்.

"என்ன பஞ்சு இது? கல்லு மாதிரி இருக்கு. போன வருஷம் நான் ஒரு பை குடுத்தேனே, அதுல்ல பஞ்சு!"

"அது எப்பவோ முடிஞ்சு போச்சுக்கா. நல்ல பஞ்சு பத்தலன்னு தலையணைக்கு ஒரு பிடியா கலந்து கலந்து ஓட்டுனேன். ஒங்களுக்கும் அதுலதான் ஒண்ணு தைச்சேன். இன்னும் கெடைக்குமா?"

"எங்க கெடைக்கும்? நம்ம அர்ச்சுனன் தலையணை லா அது. ஒண்ணுதானே இருந்துச்சு."

மங்களத்தின் மடியிலிருந்த பஞ்செல்லாம் கீழே கொட்டியது.

"என்னக்கா சொல்றீங்க?"

செத்தவர் பாயும் தலையணையும் வீட்டில் இருக்கக்கூடாது. எரிக்க வேண்டும், இல்லையென்றால் ஆற்றில் விட வேண்டும். வீடுகள் நெருக்கியடிக்கிற தாமானில் எரித்தால் நகராட்சி ஆள் வந்துவிடுவார்கள் என்று குப்பைத்தொட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ராக்காயி அங்கிருந்து தலையணையை எடுத்துப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, பழைய மெத்தைப் பஞ்சு என்று சொல்லி மங்களத்திடம் தள்ளிவிட்டிருக்கிறாள். இழவு வீட்டுப் பஞ்சைக் கையால் தொடாதவள் மங்களம். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அது அவள் வைத்திருந்த ஒரே கட்டுப்பாடு.

"ஐயோ, எம் பேரே போச்சு! வெளிய தெரிஞ்சா எவ எங்கிட்ட வாங்குவா? என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"என்ன பண்ணிட்டேன்? நல்லா காய வெச்சுத்தானே குடுத்தேன்" என்று முதலில் எகிறினாள் ராக்காயி. பிறகு அவள் குரல் இறங்கியது. "அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்துல இருந்து நான் இடுப்புல வெச்சு வளத்த புள்ள. அவன் தலை வெச்சது, எண்ணெப் பிசுக்கோட நாய் மோந்துக்கிட்டு கெடக்குது. விட்டுட்டு வரச் சொல்றியா? எனக்கு மனசு வரல மங்களம்."

அதற்கு மேல் அவளைத் திட்ட மங்களத்தால் முடியவில்லை. அப்போதுதான் கவனித்தோம், கேட்டைப் பிடித்துக்கொண்டு கலாதேவி நின்றிருந்தாள். நாத்தனார் குரல் கேட்டு வந்திருக்கிறாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"அந்தப் பஞ்சு யாராருக்குப் போச்சுக்கா?" என்று கேட்டாள்.

மங்களம் விக்கி விக்கிச் சொன்னாள். ராக்காயிக்கு ஒன்று. லியோனார்டுக்கு ஒன்று. புஷ்பலதாவுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் ஒன்று.

சொல்லி முடிப்பதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. அவன் முறுக்கைத் தின்றவர்கள் கனவில் அவன் வருவது ஒரு அதிசயமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கலாதேவியின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு வருஷம் கழித்து ஏதோ வெளிச்சம் வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப அவரு எம்மேல கோவமா இல்ல" என்றாள். "வாரதுக்கு வழி இல்லாமத்தான் வரல."

அவளே வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். லியோனார்ட் விஷயத்தைக் கேட்டு வாயைப் பிளந்தான். மனைவி பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவனே கத்தரிக்கோல் எடுத்து வந்து தலையணையின் ஓரத்தைப் பிரித்தான்.

"எடுத்துக்க தங்கச்சி. ஆனா எல்லாத்தையும் எடுத்துடாத லா. அவன் இன்னும் வரட்டும், ஸ்டவுட்டு வாங்கி வெச்சிருக்கேன்."

புஷ்பலதா அலறிவிட்டாள். "செத்தவரு தலையணையா? அதுலயா நான் தலை வெச்சேன்?" என்று முழுத் தலையணையையும் வாசலில் எறிந்துவிட்டு உள்ளே குளிக்க ஓடினாள். சாயங்காலம் ஈரத்தலையோடு எங்கள் கொட்டகைக்கு வந்து நின்றாள். "கொஞ்சம் எனக்கும் வைங்கக்கா" என்றாள் மங்களத்திடம். "சம்பல்ல சீனியக் கொறச்சிட்டேன். வந்து சொன்னாருன்னா நல்லாருக்கும்."

எல்லார் வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு பிடியாக வந்த பஞ்சு, பெண்கள் நடுவில் பாயில் கிடந்தது. எது அர்ச்சுனன் பஞ்சு, எது மற்ற பஞ்சு என்று யாருக்கும் தெரியாது. கலாதேவி எல்லாவற்றையும் உதறி உதறிப் பிரித்தாள். ராக்காயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தப்பிய கொட்டை பொறுக்கினாள். மங்களம் ஓமத்தைப் பையில் கட்டினாள்.

"நொச்சியும் போடுங்கக்கா" என்றாள் கலாதேவி.

மங்களம் தலை நிமிரவில்லை. "வேணாம்டி."

"அலமாரி மேல இருக்கே, அதுலேர்ந்து எடுத்துப் போடுங்க."

"வேணாம்ங்குறேன்ல. அதாலதானே அன்னிக்கி..." மங்களம் ஓமப் பையை இறுக்கி முடிந்தாள். அவள் இதை ஒரு வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள், என்னிடம்கூடச் சொன்னதில்லை.

கலாதேவி அவள் கையைப் பிடித்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன்க்கா. ஒங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. ஆனா தூங்க முடியலன்னு வந்து அழுதவ நான்தானே? நீங்க பாவம் பாத்துத் தைச்சுக் குடுத்தீங்க. தூங்கணும்க்கா. தூங்குனாத்தானே அவரு வருவாரு."

நான் போய் நாற்காலி போட்டு ஏறி அந்தத் தலையணையை இறக்கிக் கொடுத்தேன். மங்களம் தையலைப் பிரித்தபோது அழுதாள், மறைக்கவில்லை. ஒரு வருஷம் ஆகியும் நொச்சியின் வாசம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் பசியாற உட்கார்ந்தபோது ராக்காயி செருப்புப் போடாமல் ஓடி வந்தாள்.

"மங்களம், அவ இன்னும் எந்திரிக்கல. எண்ணெச் சட்டி அடுப்புல ஏறல. கதவு சாத்தியே கெடக்கு."

"தூங்கட்டும் விடுங்க."

"வெயில் வந்திருச்சு. எழுப்பட்டுமா?"

மங்களம் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். போன வருஷமும் இப்படித்தான் அந்த வீட்டில் ஒரு கதவு திறக்காமல் இருந்தது. மூவரும் அவர்கள் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்தோம். ராக்காயி இரண்டு முறை எழுந்து கதவு வரை போய்த் திரும்பினாள். மங்களம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். எதையும் நம்பாத நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. கலாதேவி தலையை முடிந்துகொண்டே வந்தாள். கன்னத்தில் தலையணையின் தையல் கோடு பதிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "என்ன எல்லாரும் இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்றாள். தூங்கி எழுந்தவர்களின் கரகரத்த குரல்.

ராக்காயிக்கு உயிர் வந்தது, வாயும் வந்தது. "வந்தானா?"

"வந்தாரு அண்ணி."

"என்னடி கேட்டான்? சொல்லு, நாளைக்குப் படையல்ல வைக்கணும்."

"ஒண்ணும் கேக்கல. உள்ள கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. அதே குறட்ட."

ராக்காயி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மங்களம்தான் மெல்லக் கேட்டாள். "நீ கேக்கணும்னு இருந்தியே. கேட்டியா?"

கலாதேவி கன்னத்துக் கோட்டைத் தடவிக்கொண்டாள்.

"அசந்து தூங்குற மனுசன எழுப்பி எப்படிக்கா கேக்குறது? ஹாலுல இருந்த என் தலையணைய எடுத்துட்டு வந்து, பக்கத்துலயே போட்டுப் படுத்துக்கிட்டேன்."